திருத்தாமல் விட்ட பலகை

ஆற்றைப் பார்த்தால், விழுங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற உத்தேசம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. மழையில் கரையை முட்டிக்கொண்டு பழுப்பாக ஓடியது. பாலத்துக் கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்த ஒட்டடை சட்டென்று பின்வாங்கினான்.

"அக்கா, இதுல குதிச்சவர் இந்நேரம் கடலுக்குப் போய் ரேஷன் கார்டே வாங்கியிருப்பாரு."

அக்கா சிரிக்கவில்லை. அவள் சிரித்து ஒட்டடை பார்த்ததில்லை. போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்து, மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையைப் பிடித்துத் துப்பறியும் நிலையம் என்று பெயர் வைத்தவள். ஊரில் எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்தவர்களுக்கும். ஒட்டடைக்கு ஆறடி உயரம், அதற்குச் சம்பந்தமே இல்லாத எடை. நாற்பது வயதுக்குள் பல தொழில் பார்த்து, எதிலும் நிலைக்காமல் கடைசியில் அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டவன்.

காணாமல் போனவர் ஒரு கிழவர். ஆங்கிலப் பத்திரிகையில் பிழை திருத்தியே ஆயுளைக் கரைத்தவர். ஊர் அவரைச் 'சிவப்பு மை' என்றுதான் கூப்பிட்டது. ஓய்வு பெற்றும் அவருக்குக் கை ஓயவில்லை. கடைகள் திறக்கும் முன்பே, பொழுது விடியும்போது சட்டைப் பையில் தடித்த சிவப்பு மார்க்கரோடு கிளம்பிவிடுவார். ஆங்கிலப் பலகை எதில் தப்பு கண்டாலும் ஒரு வட்டம், ஓரத்தில் ஒரு குறி. அழிக்க முடியாத மை. கடைக்காரர்கள் சபித்தார்கள், சண்டைக்குப் போனார்கள், ஒருவர் அடிக்கவே கை ஓங்கினார். மறுநாள் விடிந்தால் புதிதாக ஒரு வட்டம் இருக்கும்.

முந்தாநாள் காலை வீட்டை விட்டுக் கிளம்பியவர் திரும்பவில்லை. அன்று புதிதாகப் போட்ட சிவப்பு வட்டங்கள் அவர் வீட்டுத் தெருவில் தொடங்கி, கடைத்தெரு வழியாக வந்து, இந்தப் பாலத்துப் பலகையில் முடிந்தன. அவருடைய மூக்குக்கண்ணாடி கம்பியில் மாட்டியிருந்தது. இன்ஸ்பெக்டரின் கணக்கு சுலபமானது. வந்தார், திருத்தினார், குதித்தார்.

தெருவின் கணக்கு வேறு. மருமகன்தான் தள்ளிவிட்டான் என்றது தெரு. மருமகன் நடத்துவது ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் நிலையம். போன வாரம் அதற்குப் புதுப் பலகை மாட்டினபோது மாமனார் நடுத்தெருவில் நின்று, "இதைத் திருத்த முடியாது, எரிக்கத்தான் முடியும்" என்று சொல்லியிருக்கிறார். மருமகன் பதிலுக்கு ஏதோ கத்தியிருக்கிறார். அந்தக் கத்தல் இப்போது அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. நேற்று அக்காவின் அறைக்கு வந்தவர் அவர்தான்.

"மாமா குதிச்சாரா விழுந்தாரான்னு எனக்குத் தெரியாது மேடம். நான் தள்ளல. அது ஊருக்குப் புரியணும். பசங்க பாதிப் பேர் நின்னுட்டாங்க. என் வீட்டுக்காரி முகத்த என்னால பாக்க முடியல. அவளும் என்னைச் சந்தேகப்படறாளோன்னு..." என்று சொல்லி முடிக்காமல் அழுதுவிட்டார்.

அக்கா பாலத்துப் பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டே வரிகள். முதல் வரி, 'பீப்புள்ஸ் ஆர் நாட் அலவ்ட் டு ஸ்விம்.' பீப்புள் என்பதே மக்கள்தான், அதற்கு வாலாக இன்னொரு எழுத்து எதற்கு என்று வட்டம் போட்டிருந்தது. இரண்டாம் வரியில் ஒரே சொல், 'டேஞ்சர்.' அதில் தப்பில்லை. ஆனால் அதன் கீழே சின்னதாக ஒரு சிவப்புக் கோடு, இடப்பக்கம் இறங்கி வலப்பக்கம் நீண்டு ஏறியது.

"இது என்ன?"

"டிக்குக்கா."

"எதுக்கு?"

"டேஞ்சர்னு தப்பில்லாம எழுதிட்டான்ல, அதுக்கு ஷொட்டு."

"சிவப்பு மை யாருக்காவது ஷொட்டு குடுத்ததா கேள்விப்பட்டிருக்கியா?"

ஒட்டடை யோசித்தான். "அந்தாளு பொண்ணு பொறந்தப்பவே ஆஸ்பத்திரி சீட்டத்தான் மொதல்ல திருத்தியிருப்பாருன்னு தெருவுல பேசிக்கிறாங்க."

"நட. இங்கேருந்து அவர் வீடு வரைக்கும். சரியா இருக்கற வார்த்தைய எங்கெல்லாம் தொட்டிருக்காருன்னு மட்டும் பாரு."

மழை தூறலாக இளைத்திருந்தது. வந்த வழியே தெருவைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டு நடந்தார்கள். பாலத்தை அடுத்த தங்கும் விடுதியில் 'டிஸ்கஸ் அபௌட்' என்பதில் இரண்டாம் சொல்லுக்கு வட்டம். மெக்கானிக் கடைச் சுவரில் 'ரிட்டர்ன் பேக்' என்பதற்கு வட்டம். மருந்துக் கடையில் நான்கு வரி இருந்தது. மூன்றாம் வரியில் வட்டம், நான்காம் வரியின் ஓரத்தில் மறுபடியும் அந்த டிக்.

"ரெண்டாச்சுக்கா."

"ம்."

அதற்கப்புறம் மருமகனின் நிலையம். கட்டடத்தின் அகலத்துக்கு நீலப் பலகை, மேலே மஞ்சள் எழுத்து. ஒட்டடை கழுத்தை நிமிர்த்திப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் பல்வலிக்காரனைப் போல மாறியது. 'வீ டீச்சஸ் ஃப்ளூயன்ட் இங்கிலீஷஸ்' என்று தொடங்கியது. 'கம் அண்ட் டிஸ்கஸ் அபௌட் யுவர் ஃப்யூச்சர்' என்று கூப்பிட்டது. 'ஸ்டூடன்ட்ஸ்' என்பதற்கு நடுவே, எதற்கென்று தெரியாமல், ஒரு கால்புள்ளி அந்தரத்தில் தொங்கியது.

"அக்கா, நானும் ரெண்டு வருஷம் போர்டு எழுதின ஆளுதான். இடம் காலியா இருந்தா அந்தத் தொங்கற புள்ளிய அழகுக்குப் போடுவோம், பொட்டு வெக்கிற மாதிரி. ஆனா இது..."

"இது?"

"இது மூஞ்சியெல்லாம் பொட்டு."

"வட்டம் எங்க?"

ஒட்டடை பலகையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினான். வட்டமே இல்லை. தெருவிலேயே மோசமான பலகை. கைக்கு எட்டும் உயரம்தான். எரிக்க வேண்டும் என்று வாயால் சொன்ன பலகை. அதன்மேல் ஒரு பொட்டுச் சிவப்புகூடப் படவில்லை.

"பாத்து ஒதுங்கிப் போயிட்டாரோ? சொந்தக்காரன்னு?"

"சொந்தக்காரன்னா இன்னும் ரெண்டு வட்டம் சேத்துப் போடற ஆளு அவரு" என்றாள் அக்கா. "நட."

நிலையத்துக்கு இந்தப் பக்கம் தையற்கடை, சலவைக்கடை, முடிதிருத்தகம், கிழவரின் வீடு. கடைகள் எல்லாவற்றிலும் வட்டம் இருந்தது. டிக் ஒன்றுகூட இல்லை. தையற்கடைக்காரர் வாசலில் நின்று இவர்களை முறைத்தார். அவர் பலகையில் 'லேடீஸ்' மேல் மூன்று தடவை வெள்ளையடித்து, மூன்று தடவையும் வட்டம் வாங்கிய தழும்பு.

"என்னங்க, திருத்த ஆள் மாத்தி வந்திருக்கீங்களா?" என்றார்.

"இல்லண்ணே. நாங்க திருந்தவே வழியில்லாத ஆளுங்க" என்றான் ஒட்டடை.

தையற்காரர் சிரிக்கப் பார்த்து, முடியாமல் நிறுத்தினார். "ஒழிஞ்சா நிம்மதின்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கேன். இப்ப காலைல ஷட்டரத் தூக்கினா கண்ணு தானா மேல போகுது. புதுசா ஒண்ணும் இல்ல. சோறு எறங்க மாட்டேங்குது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த மருமகன்தாங்க. வேற யாரு."

அக்கா நன்றி சொல்லிவிட்டு நிலையத்தை நோக்கித் திரும்பினாள். ஒட்டடை அவளோடு எட்டி நடை போட்டான்.

"அக்கா, நிலையத்துக்கு அந்தப் பக்கம் டிக் இருக்கு. இந்தப் பக்கம் இல்ல."

"கண்ணு தெரியுதே உனக்கு."

"அப்ப நடுவுல இருக்கறது..."

"உள்ள போய்ப் பேசலாம். தண்ணி கேளு."

"எனக்குத் தாகமே இல்லையே. நனைஞ்சு ஊறிப் போயிருக்கேன்."

"கேளு."

நிலையத்தின் கூடத்தில் பெஞ்சுகள் காலியாக இருந்தன. தன்னை டைரக்டர் என்று சொல்லிக்கொள்ளும் மருமகன் எழுந்து ஓடி வந்தார். குள்ளமான, நல்ல மனதுள்ள, பயந்துபோன மனிதர். கழுத்துப்பட்டி கோணலாக இருந்தது.

"வெல்கம் வெல்கம்! மைசெல்ஃப் வெயிட்டிங் சின்ஸ் மார்னிங். உட்காருங்க மேடம்."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா சார்?"

"பாட்டில் இருக்கு, எடுத்துக்கோங்க. குழாயத் தொறக்காதீங்க. மோட்டார் ரிப்பேர். ரெண்டு நாளா மேல தண்ணியே ஏத்தக் கூடாதுன்னு என் வீட்டுக்காரி கண்டிஷன். கிளாஸுக்கும் அவதான் லீவு விட்டா. அப்பாவைக் காணோம்ங்கற துக்கம், பாவம்."

ஒட்டடை பாட்டிலைத் திறந்தபடியே கூடத்தைப் பார்த்தான். சுவரெல்லாம் பழுப்பேறியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் நீள்சதுரமாக வெளுத்த அடையாளம், மேலே வெறும் ஆணி. அக்காவும் அங்கேதான் பார்த்தாள்.

"அங்க என்ன மாட்டியிருந்தீங்க?"

"மாமியார் படம். போன வருஷம் தவறிட்டாங்க. கண்ணாடி ஒடஞ்சுடுச்சாம், கடைக்குக் குடுத்திருக்கா. முந்தாநாள்தான் வருஷ நினைவு நாள். அன்னிக்குன்னு பாத்து மாமா இப்படி..."

"அன்னிக்குக் காலைல நீங்க?"

"மாடில தூங்கிட்டிருந்தேன். எனக்குச் சாட்சி என் தூக்கம்தான் மேடம்."

"வாசல்ல இருக்கற போர்டு யார் எழுதிக் குடுத்தது?"

அத்தனை கலவரத்திலும் அவர் முகம் மலர்ந்தது. "நானே! எல்லாம் என் சொந்த வாக்கியம். மூணு நாள் உக்காந்து யோசிச்சேன்."

"அதுல தப்பு ஏதாவது?"

"ஒரு தப்புக் காட்டுங்க, சென்டரையே உங்க பேருக்கு எழுதிடறேன்."

ஒட்டடைக்குத் தண்ணீர் மூக்கில் ஏறியது. அக்கா கைப்பேசியை எடுத்தாள். பாலத்துப் பக்கத்தில் எடுத்த படங்கள். விரலால் சிவப்பு வட்டத்தை மறைத்துக்கொண்டு அவரிடம் நீட்டினாள். விடுதி, மெக்கானிக் கடை, பாலம்.

"இதெல்லாம் எப்படி இருக்கு? உங்க மாணவன் எழுதினா எவ்வளவு மார்க்?"

அவர் பொறுமையாக ஒவ்வொன்றையும் படித்தார். "பர்ஃபெக்ட். நல்ல இங்கிலீஷ். எல்லாத்துக்கும் ஃபுல் மார்க்."

அக்கா விரலை எடுத்தாள். வட்டங்கள் தெரிந்தன. "சரி. உங்க மாமனாரை நீங்க ஒண்ணும் பண்ணல. ஊருக்கு நானே சொல்றேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கண் நிறைந்துவிட்டது. "தேங்க்யூ மேடம். தேங்க்யூ. எப்படி...?"

"உங்க மாமனார் பாலம் வரைக்கும் போகவே இல்ல. இந்த வாசலோட அவர் வழி முடிஞ்சிடுச்சு. அவர் மார்க்கரை எடுத்துக்கிட்டு, அவர் மாதிரியே வட்டம் போட்டு, கண்ணாடியைக் கொண்டுபோய்க் கம்பில மாட்டினது வேற ஒரு ஆள். அந்த ஆளுக்குத் தப்பு எதுன்னு தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியல. அதான் உங்களுக்கு விடுதலை."

ஒட்டடைக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அறை வாங்கியவருக்கோ வலிக்கவில்லை. நிம்மதியில் அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"வேற ஆள்னு எப்படி மேடம் சொல்றீங்க?"

"பிழை திருத்தறவங்க கண்ணு தப்பை மட்டும்தான் பாக்கும். சரியா இருக்கறது அவங்களுக்கு வெறும் காகிதம், வெறும் சுவர். தொட மாட்டாங்க. இந்த வாசலுக்கு அந்தப் பக்கம் ரெண்டு எடத்துல, சரியா இருக்கற வரிக்கு டிக் போட்டிருக்கு. போட்டது போட்ட ஆளுக்கே தெரிஞ்சிருக்காது. அது கைப்பழக்கம். தப்புக்கு வட்டம், அடுத்த வரி சரியா இருந்தா ஒரு டிக். எந்தக் கைக்கு அப்படிப் பழக்கம்?"

"வாத்தியார் கைதான்!" என்றார் டைரக்டர், வகுப்பில் முதலில் பதில் சொன்ன பையனைப் போல. "பேப்பர் திருத்தற கை. இந்தத் தெருவுல டீச்சர்னா..." யோசித்தார். "டீச்சர்னா நாங்கதான்..."

மேஜைமேல் விடைத்தாள் கட்டு இருந்தது. மேலே இருந்த தாள் முழுக்கச் சிவப்பு டிக்குகள். இடப்பக்கம் சின்னதாக இறங்கி, வலப்பக்கம் நீண்டு ஏறியிருந்தன. பேனாவின் கோடுகள் அல்ல. தடித்த மார்க்கர்.

"இதெல்லாம் நீங்க திருத்தறதா சார்?" என்று கேட்டாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு மெதுவாக ஒலித்து ஒட்டடை கேட்டதில்லை.

டைரக்டர் தாளைப் பார்த்தார். மாடிப்படியைப் பார்த்தார்.

"அவரைப் போட்டு ஏங்க வதைக்கறீங்க?"

படியில் அவர் மனைவி நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பள்ளி ஆசிரியைக்குரிய பருத்திப் புடவை. கையில் மூடி திறந்த சிவப்பு மார்க்கர், அப்போதும் மேலே உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள். அதையே பார்க்கும் ஒட்டடையை அவள் கவனித்தாள்.

"தூக்கிப் போடத்தான் நெனச்சேன். மனசு வரல" என்றாள். "அப்பாவோடது."

அவள் கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

"நினைவு நாள், காலைல வாங்கப்பான்னு நான்தான் சொல்லியிருந்தேன். வாசல்ல நின்னு போர்டைப் பாத்துக்கிட்டு மார்க்கரைத் தொறந்தாரு. அத அப்புறம் பண்ணலாம், மொதல்ல உள்ள வாங்கன்னு கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். அம்மா படத்து முன்னாடி நிறுத்தினேன். படத்துக்குக் கீழ நான் ரெண்டு வரி இங்கிலீஷ்ல எழுதிப் பொறிச்சிருந்தேன். செத்த அன்னிக்கு ராத்திரி அழுதுக்கிட்டே எழுதினது. அதுல ஒரு தப்பு இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் டீச்சர்தானே? இருக்கட்டும்னு விட்டேன். அந்த ராத்திரி நான் எப்படி இருந்தேனோ அப்படியே இருக்கட்டும்னு."

"அவர்?"

"அம்மா முகத்தைப் பாக்கலங்க. நேரா எழுத்துக்குப் போனாரு. கண்ணாடி மேல வட்டம் போட்டாரு. அம்மா கழுத்துக்குக் கீழ, செவப்பா." அவள் மார்க்கரின் மூடியைப் போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள். "படத்தைக் கழட்டிட்டு பின்கட்டுப் பக்கம் போனேன். விடாம வந்தாரு. தப்பு தப்புதாம்மா, குடு, இன்னொண்ணு இருக்குன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. பின்வாசப் படி மழைல வழுக்கிட்டிருந்துச்சு. அவர் வழுக்கி விழல. நான்தான் தள்ளினேன். அதைச் சரியா எழுதிக்கோங்க."

"தண்ணி ஏத்த விடாம வெச்சிருக்கீங்களே, அந்தத் தொட்டி?"

"படிக்குக் கீழதான். மூடியைத் தள்ள நேரமாச்சு. அவரை இல்ல. அவர் கனமே இல்ல."

அக்கா ஒட்டடையைப் பார்த்தாள். அவன் பின்வாசலுக்குப் போனான். ஈரமான நாலு படி, கீழே தரையோடு தரையாகத் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் மூடி. அதை நகர்த்தியபோது மேலே வந்த வாடையே போதுமாக இருந்தது. ஆனாலும் பார்க்க வேண்டியது அவன் வேலை, பார்த்தான். பிறகு மூடியை முன்பிருந்த மாதிரியே இழுத்து வைத்துவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். வழக்கம்போல வாயில் ஏதாவது ஜோக் வரும் என்று காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். "விழுந்தப்ப மூச்சு இருந்துச்சா?"

"பாக்கல."

"ஏன்?"

"பாத்தா என்ன பண்றதுன்னு முடிவு பண்ணணும். அதனால பாக்கல."

டைரக்டர் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார், வெளுத்த சதுரத்துக்கு நேர் கீழே. "நான் உங்களை எதுக்குக் கூப்பிட்டேன் மேடம்?" என்றார். கோபமில்லை. உண்மையிலேயே ஞாபகம் வராதவர் போலக் கேட்டார்.

"உங்க மேல இருந்த பழியைத் தொடைக்க" என்றாள் அக்கா. "தொடைச்சாச்சு." பிறகு படியில் இருந்தவளிடம் திரும்பினாள். "ஒண்ணு மட்டும் கேக்கணும். அத்தனை போர்டுலயும் வட்டம் போட்டீங்க. உங்க வாசல் போர்டை மட்டும் விட்டுட்டீங்க. அதுலயும் போட்டிருந்தா, உங்க அப்பா இங்க நிக்கவே இல்ல, நேரா போயிட்டாருன்னு நானும் நெனச்சிருப்பேன்."

அவள் முதல் தடவையாகக் கணவனைப் பார்த்தாள்.

"அது அவர் ஆசையா எழுதினது. அதுல என் கை கோடு போடாது."

இன்ஸ்பெக்டர் வந்தார். குதித்தார் என்று முந்தாநாள் சொன்ன வாயாலேயே, எனக்கு அப்பவே சந்தேகம் என்றார். அவளை அழைத்துக்கொண்டு போனபோது, தையற்கடைக்காரர் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று டைரக்டரைப் பார்த்தார். பார்வையைத் தாங்காமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவள் ஜீப்பில் ஏறும் முன் மார்க்கரை அக்காவின் கையில் கொடுத்தாள். அக்கா அதைச் சாட்சிப் பொருளுக்கான உறையில் போட்டாள்.

ஒட்டடை வாசலில் நின்றிருந்தான். பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. டைரக்டர். தூறலில் நனைந்துகொண்டு தன் பலகையை அண்ணாந்து பார்த்தார், முதன்முதலாகப் படிக்கிறவர் மாதிரி ஒவ்வொரு சொல்லாக.

"சார், நீங்க போர்டு எழுதின ஆளுன்னு மேடம் சொன்னாங்க."

"ஆமா சார்."

"உண்மையச் சொல்லுங்க. இதுல எத்தனை தப்பு இருக்கு?"

ஒட்டடை அதை அன்று காலையே எண்ணிப் பார்த்திருந்தான். எண்ணி, அக்காவைச் சிரிக்க வைக்க ஒரு ஜோக்கும் தயாராக வைத்திருந்தான். நீலத்தில் மஞ்சள் எழுத்துகள் மழையில் பளபளத்தன. பெயிண்ட் நல்ல பெயிண்ட், ஒரு சொட்டும் கரையவில்லை.

"ஒண்ணுகூட இல்ல சார்" என்றான். "உள்ள போங்க. நனையறீங்க."